நாலாம் வகுப்பு வரை

தோவாளையில் பூ வாங்கப் போகிறவன் விடிவதற்கு முன்னால் போகவேண்டும். வெயில் ஏறிவிட்டால் பூவும் வாடும், விலையும் வாடும், வியாபாரியின் முகமும் வாடிவிடும். அந்த நேரத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற காற்று ஆளைத் தள்ளும். அந்தக் காற்றில் பிச்சியும் கொழுந்தும் கலந்து மணக்கும்போது, நாஞ்சில் நாட்டில் பிறந்ததற்காக ஒரு தடவையாவது கர்வப்படாதவன் இருக்கமாட்டான்.

அங்கே என் பால்ய நண்பன் ஒருவனுக்குப் பூக்கட்டும் கொட்டகை இருக்கிறது. பத்துப் பேர் உட்கார்ந்து கட்டுவார்கள். யார் எத்தனை முழம் கட்டினார்கள், யாருக்கு எத்தனை ரூபாய் முன்பணம் போயிருக்கிறது, திருவனந்தபுரத்துக்காரன் போன வாரம் எவ்வளவு பாக்கி வைத்தான் என்பதெல்லாம் அவன் மண்டைக்குள் இருக்கின்றன. காகிதம் கிடையாது. ஒரு கை நாரை முடிந்துகொண்டிருக்கும். வாய் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

சென்ற ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு மாலை சொல்ல அவனிடம் போயிருந்தேன். ஓண நெருக்கடி. என்னை ஒரு பெஞ்சியில் உட்காரச் சொல்லிவிட்டு வேலையைக் கவனித்தான். பொழுது போவதற்காகப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன். அதன் அட்டையில் நெஞ்சுவரை வெள்ளைத் தாடி இறங்கிய ஒரு கிழவர் படம். அவன் எட்டிப் பார்த்தான்.

“இது யாருடே? கிறிஸ்மஸ் தாத்தாவா?”

“இல்லை, ஆல்காட்டுன்னு ஒரு அமெரிக்காக்காரர். சகோதரத்துவத்துக்காக ஒரு சபை வச்சவரு.”

“சகோதரத்துவமா?” அவன் நாரைப் பல்லால் கடித்துக்கொண்டே சிரித்தான். “இங்க கூடப்பொறந்தவனே ஒரு சாண் வரப்புக்கு வெட்டிக்கிடுகான். அமெரிக்காவுலேர்ந்து வந்து என்ன செய்தாராம்?”

“ஒரு பள்ளிக்கூடம் வச்சாரு. உங்க ஆட்கள் பிள்ளைகளுக்கு.”

அவன் கை ஒரு நிமிஷம் நின்றது. “சொல்லு” என்றான்.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டதும் கொஞ்சம் இதில் சேர்ந்திருக்கிறது.

‘சகோதரர்களே’ என்று கூப்பிட்டுக்கொள்ளுகிற சங்கங்கள் உலகத்தில் பல உண்டு. அவற்றுள் பிரீமேஸன் சங்கம் பேர்பெற்றது. ரகசியச் சடங்கும், கைகுலுக்குவதில் ஓர் அடையாளமும், இடுப்பில் கட்டிய கொத்தனார் ஏப்ரனுமாக அவர்கள் கூடுவார்கள். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. ஆர்க்காட்டு நவாபின் மூத்த குமாரர் உம்தத்-உல்-உமரா 1775-ம் வருஷத்தில் திருச்சியில் இந்தச் சங்கத்தில் சேர்க்கப்பட்டார். இந்தியர்களில் முதல் மேஸன் அவரே என்பார்கள். பிற்பாடு விவேகானந்தராகி எங்கள் கன்னியாகுமரிப் பாறையில் வந்து உட்கார்ந்த நரேந்திரநாதரும், 1884-ல் கல்கத்தாவில் ஒரு மேஸன் லாட்ஜில் சேர்ந்தவர்தான்.

இந்தச் சங்கத்தார் குழந்தைகளுக்குத் தர்மம் செய்வதிலும் பேர்போனவர்கள். 1788-ல் லண்டனில் பெண்குழந்தைகளுக்கு ஒரு பள்ளி ஏற்படுத்தினார்கள். முன்னின்று செய்தவர் ருஸ்பினி என்ற பல் வைத்தியர். நல்ல காரியம். ஆனால் யாருடைய பெண்குழந்தைகள்? இறந்துபோன, அல்லது நொடித்துப்போன மேஸன்களின் குழந்தைகள். சகோதரன் பெற்ற பிள்ளை என் பிள்ளை என்ற நியாயம். பத்து வருஷம் கழித்து ஆண்குழந்தைகளுக்கும் அப்படியே செய்தார்கள். நம்மூரில் ஜாதிக்கு ஒரு சத்திரமும், ஜாதிக்கு ஒரு மாணவர் விடுதியும் கட்டிய பெரியவர்களுக்கும் இதே நியாயந்தான். குற்றம் சொல்ல முடியாது. ஒரு பிள்ளைக்குச் சோறு கிடைத்தால் அது சோறுதான். ஆனால், எந்தச் சகோதரனுக்கும் பிறக்காத பிள்ளைக்கு என்ன வழி? அமெரிக்காவில் மேஸன்களிலிருந்து கிளைத்த ‘ஷ்ரைனர்’ என்ற கூட்டத்தார், ஏழைக் குழந்தைகள் யாரானாலும் காசில்லாமல் வைத்தியம் செய்யலாம் என்று தங்கள் முதல் ஆஸ்பத்திரியைத் திறந்தது 1922-ல். லண்டன் பள்ளிக்கும் இதற்கும் நடுவே நூற்றுமுப்பத்துநாலு வருஷம்.

ஆல்காட்டும் மேஸன்தான். 1861-ல் நியூயார்க்கில் சேர்ந்தவர். 1832-ல் பிறந்து, விவசாய நிபுணராகி, பத்திரிகைக்கு எழுதி, உள்நாட்டு யுத்தத்தில் ராணுவ கண்டிராக்ட் மோசடிகளைக் கண்டுபிடித்துக் கர்னல் பட்டம் பெற்றவர். ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது விசாரித்த மூன்று பேரில் ஒருவர். பிறகு வக்கீல். ஆவிகளோடு பேசுகிற ஒரு வீட்டைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போன இடத்தில் ருஷ்யாக்கார பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். அதோடு வக்கீல் தொழில் போயிற்று. 1875-ல் இருவரும் இன்னும் சிலரும் சேர்ந்து பிரம்மஞான சபையை ஆரம்பித்தார்கள். 1879-ல் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். 1882-ல் சென்னையில் அடையாறு நதிக்கரையில் ஒரு பெரிய தோட்டத்தை வாங்கிக் குடியேறினார்கள். ஆதியில் இந்தச் சபைக்கும் மேஸன்களைப்போல ரகசிய அடையாளங்கள் இருந்தன. ஆனால் சபையின் முதல் நோக்கமாக அவர்கள் எழுதி வைத்தது, இனம், மதம், நிறம், ஜாதி பாராத ஒரு சர்வலோக சகோதரத்துவம்.

எழுதி வைப்பது சுலபம். எழுத்தாளனாகிய எனக்கே அது தெரியும்.

எங்கள் பக்கத்துக்கு ஆல்காட் வந்த கதை ஒன்று உண்டு. கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலி. அந்த நாளில் நாங்கள் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகள். அவர்கள் சென்னை ராஜதானி. 1881 அக்டோபரில் ஆல்காட் இலங்கையிலிருந்து சில சிங்களப் பௌத்தர்களை அழைத்துக்கொண்டு தூத்துக்குடியில் இறங்கி, திருநெல்வேலிக்கு வந்தார். கையில் ஒரு தென்னங்கன்று. நெல்லையப்பர் கோவில் வளாகத்தில் அந்தக் கன்றை நட்டார்கள். நூற்றாண்டுக்கணக்காக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத பௌத்தர்களும் இந்துக்களும் இனிச் சகோதரர்கள் என்பதற்கு அடையாளம். கோவில் பிராமணர்கள் மேளதாளத்தோடு வரவேற்றார்கள். எதிராளிகள் ஏளனம் செய்தார்கள்.

நெல்லையப்பர் கோவிலுக்கு நான் போகும்போதெல்லாம் இந்தக் காட்சியை மனத்தில் வரைந்து பார்ப்பதுண்டு. தாடிக்கார வெள்ளைக்காரர், வெள்ளுடை உடுத்த சிங்களவர், நாதஸ்வரம், தென்னங்கன்று. அழகான காட்சிதான். ஆனால் ஒரு நாவலாசிரியனுக்கு இருக்கிற கெட்ட பழக்கம், படத்தின் ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பது. கடல் கடந்து வந்த வேற்று மதத்தார் உள்ளே போகிறார்கள். தென்னங்கன்றும் உள்ளே போகிறது. திருநெல்வேலி ஜில்லாவில் தென்னைக்குத் தண்ணீர் இறைத்தும், வயலில் நாற்று நட்டும் பிழைத்தவர்கள் பலர் அந்த வாசலுக்கு வெளியே. அவர்கள் உள்ளே போவதற்கு 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தென்னை காய்க்க ஏழெட்டு வருஷம் என்பார்கள்; இது அதைவிட அதிகம்.

அன்றைக்கு ஆல்காட்டின் கண்ணில் அவர்கள் பட்டார்களா? பட்டிருந்தாலும் காரியமாக எதுவும் நடக்கவில்லை. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்தார். இலங்கையில் பௌத்தப் பள்ளிக்கூடங்களை எழுப்பினார். இன்றும் கொழும்பிலே அவருக்குச் சிலை நிற்கிறது. நடுவில் ஒரு காலம் கையால் தடவி நோய் தீர்க்கிறேன் என்று ஆரம்பித்து, கூட்டம் தாங்காமல் உடம்பு நலிந்து விட்டுவிட்டார். ஆனால் அடையாற்றுத் தோட்டத்து மதிலை ஒட்டினாற்போலவே ஊரூர்ச் சேரி இருந்தது. பன்னிரண்டு வருஷம் அந்த மதிலுக்கு உள்ளே சகோதரத்துவமும், வெளியே சேரியும் அடுத்தடுத்து வாழ்ந்தன.

இனி மதிலுக்கு வெளியே பேசிக்கொண்டிருந்தவரைப் பார்க்கலாம். அயோத்திதாசப் பண்டிதர் 1845-ல் பிறந்தவர். சித்த வைத்தியர். தமிழும் பாலியும் வடமொழியும் கற்றவர். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்து அந்த வகுப்பின் குரலானவர். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரை வீட்டில் சமையல்காரர். வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைத் துரை மூலமாக எல்லிஸ் துரையிடம் சேர்த்தவர் அவரே என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். திருக்குறள் ஒரு சமையல்காரர் வீட்டுப் பரணில் இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க எனக்கு எப்போதும் சந்தோஷம்.

1892-ல் சென்னை மகாஜன சபையின் கூட்டம் ஒன்றுக்கு அயோத்திதாசர் பிரதிநிதியாகப் போனார். நடந்ததைப் பிற்பாடு தம் ‘தமிழன்’ பத்திரிகையில் அவரே சொல்லியிருக்கிறார். எங்களைக் கோவிலுக்குள் விடுவீர்களா என்று கேட்டார். சபையில் எதிர்ப்பு. உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கும்போது சிவனும் விஷ்ணுவும் எதற்கு என்றார் ஒரு பிரதிநிதி. பண்டிதர் கோபப்பட்டு வெளியேறவில்லை. அப்படியானால் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரை இலவசமாகக் கல்வி கொடுங்கள், தரிசாகக் கிடக்கிற நிலத்தைக் கொடுங்கள் என்று கேட்டார். தெய்வத்தைக் கொடுக்க மனமில்லாத சபை, பள்ளிக்கூடத்தைக் கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. வியாபாரம் தெரிந்தவர் பண்டிதர். தோவாளை மார்க்கெட்டிலும் இப்படித்தான். முதலில் கேட்கிற விலை வேறு, வாங்குகிற விலை வேறு.

நாலாம் வகுப்பு என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அந்தச் சமயத்தில் சர்க்காரும் கொஞ்சம் அசைந்திருந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீர், சேரி மக்களின் நிலையை எழுதி அனுப்பிய அறிக்கை 1892-ல் அரசாங்க உத்தரவானது. நிலம் ஒதுக்கச் சொன்னார்கள். மறு வருஷம், பஞ்சமர் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தக் குழந்தைகளின் படிப்புக்கென்று தனி உத்தரவு ஒன்று வந்தது. இந்த நிலையில்தான் 1894-ல் ஆல்காட் ஊரூரில் ஓர் இலவசப் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டை ஒட்டியிருக்கும். மதிலைத் தாண்டி வர அத்தனை காலம் ஆயிற்று என்று நான் முதலில் எழுதினேன். பிறகு, மதிலைத் தாண்டாமலே செத்துப்போன எத்தனையோ பேரை நினைத்து அந்த வரியின் சுதியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுகிறேன்.

பள்ளிக்கூடம் என்றால் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ளவேண்டாம். தமிழில் எழுதப் படிக்க, கணக்கு, பேச்சு வழக்கில் கொஞ்சம் இங்கிலீஷ், தையல், சமையல், விளையாட்டு. இங்கிலீஷ் எதற்கு என்றால், அந்தக் குழந்தைகளில் பலர் வளர்ந்து துரைமார் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். நாலு வார்த்தை பேசத் தெரிந்தால் சம்பளம் கூடும். கணக்கு எதற்கு என்றால், கூலியில் ஏமாறாதிருக்க. மதப் பிரசாரம் கிடையாது, பிரம்மஞானமும் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தைத் தூண்டிலாக வைத்துச் சபைக்கு ஆள் பிடிப்பதில்லை என்பதில் கர்னல் உறுதியாக இருந்தார். சர்க்காரிடமிருந்து மானியம் வந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த அன்பர்கள் நன்கொடை அனுப்பினார்கள். சபையின் இந்திய அங்கத்தினர்களில் பெரும்பாலோர் மேல்ஜாதிக்காரர்கள். சகோதரத்துவத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள். ஊரூர் விஷயத்தில் அந்த உற்சாகத்தை அவர்களிடம் பார்க்க முடியாது.

சில வருஷங்களில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று இன்னும் பள்ளிகள் கிளைத்தன. ஒன்றுக்கு பிளாவட்ஸ்கி அம்மையார் பெயர். ஒன்றுக்கு, மகான்களைத் தேடித் திபேத்துப் பக்கம் போய்த் திரும்பி வராத தாமோதரின் பெயர். மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். அமெரிக்காவிலிருந்து மிஸ் பால்மர் என்ற பெண்மணி வந்து மேற்பார்வை பார்த்தார். பிறகு கோர்ட்ரைட் அம்மாள் என்று ஒருவர் வந்தார். இந்தக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதைப் பற்றி 1906-ல் ஒரு சிறு புத்தகமே எழுதினார். ஜெர்மானியர் கண்டுபிடித்த கிண்டர்கார்ட்டன் முறை, சென்னையில் பணக்காரக் குழந்தைகள் பலருக்கு எட்டுவதற்கு முன்னால் ஊரூர்ச் சேரிக் குழந்தைகளுக்கு எட்டிவிட்டது. அடி வாங்கி மனப்பாடம் செய்துகொண்டிருந்த மயிலாப்பூர் வக்கீல் வீட்டுப் பிள்ளைகளை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.

இந்த இடத்தில் என் நண்பன் குறுக்கிட்டான். “அப்போ நம்ம ஊர்ல?”

நம்ம ஊரிலும் சும்மா இருக்கவில்லை. அடையாற்றுக்கு ரொம்ப முன்னாலேயே எங்கள் பக்கத்தில் விதை விழுந்துவிட்டது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர், சேரியில் பிறந்தவர், தஞ்சாவூர் போய்க் கிறிஸ்தவராகி வேதமாணிக்கம் என்று பெயர் பெற்றுத் திரும்பினார். அவர் வேண்டிக்கொண்டதன் பேரில் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1806-ல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இங்கே வந்தார். கோவிலும் எழும்பிற்று, பள்ளிக்கூடமும் எழும்பிற்று. சர்க்கார் பள்ளிக்கூடத்தின் கதைதான் வேறு. திருவிதாங்கூரில் 1910-ல் உத்தரவு போட்ட பிறகும் வாசலில் ஆள் நின்று மறித்தார்கள். அய்யன்காளி என்ற வீரர், எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் நுழையாவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்று சொல்லி வேலைநிறுத்தம் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள் சம்பளத்துக்காக அல்ல, பள்ளிக்கூடத்துக்காக வேலையை நிறுத்தினார்கள். 1914-ல் ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய்ப் பெஞ்சியில் உட்காரவைத்தார் அய்யன்காளி. பள்ளிக்கூடத்தையே கொளுத்திவிட்டார்கள். அந்தக் குழந்தை தொட்ட பெஞ்சி சாம்பலானாலும் பரவாயில்லை, அதில் நம் பிள்ளை உட்காரக்கூடாது என்பது அவர்கள் கணக்கு.

“கொளுத்தினானுவளா?” என்றான் நண்பன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவன்தான் மறுபடி ஆரம்பித்தான். “சரி, அந்தத் தாடிக்காரரு பள்ளிக்கூடத்துல எத்தனாங் கிளாஸ் வரைக்கும்?”

“நாலு.”

“அதுக்கு மேல?”

“நாலோட போதும்னு அவருக்கு அபிப்பிராயம்.”

ஆல்காட்டின் எண்ணத்தை நியாயமாகச் சொல்லவேண்டும். குமாஸ்தாக்களை உற்பத்தி செய்வது தம் வேலையல்ல என்று அவர் நினைத்தார். எழுதப் படிக்கத் தெரிந்து, கணக்குத் தெரிந்து, சுத்தமாக இருந்து, தன் தொழிலையே கௌரவமாகச் செய்து, கடன்காரனிடமும் ஆண்டையிடமும் ஏமாறாமல் பிழைத்தால் போதும் என்பது அவர் கருத்து. ‘ஏழைப் பறையன்’ என்ற பொருளில் தலைப்பிட்டு 1902-ல் அவர் வெளியிட்ட சிறு நூலில் இரக்கம் நிறைய இருக்கிறது. கபடம் கிடையாது. அயோத்திதாசர் கேட்டதும் நாலாம் வகுப்பு; ஆல்காட் கொடுத்ததும் நாலாம் வகுப்பு. ஆனால் பண்டிதருக்கு அது கதவு. ஒருதரம் திறந்துவிட்டால் பிறகு எவன் சாத்தமுடியும் என்று பார்த்துக் கேட்டது. கர்னலுக்கு அது கூரை. மழைக்கு ஒதுங்க இவ்வளவு உயரம் போதும் என்று பார்த்துக் கட்டியது.

நண்பன் பேசாமல் ஒரு முழம் கட்டினான். பிறகு, “நாலு போதும்னு சொல்லுகவனுக்கு எம்பிள்ளை எத்தனை வரைக்கும் படிச்சிருக்கும்?” என்று கேட்டான். ஆல்காட்டுக்குப் பிள்ளைகள் உண்டு. அவர்கள் நாலாம் வகுப்போடு நிறுத்தியிருக்கமாட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை.

சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நானும் இவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள். கணக்கில் அவன்தான் முதல். என் சிலேட்டில் வந்த விடைகளில் பாதி அவன் சிலேட்டிலிருந்து வந்தவை. ஐந்து முடிந்ததும் என்னை நாகர்கோவிலில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அவன் அம்மாவோடு பூக்கட்டப் போனான். முதல்நாள் புது உடுப்பும் புது ஷூவும் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். அவன் எதிரே தலையில் அரளிப்பூச் சாக்கோடு வந்தான். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். பக்கத்தில் புதுப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இரண்டுபேர் நின்றார்கள். நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன். பஸ் வர இன்னும் கால்மணி இருந்தது.

அதை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

மேலே கதையைச் சொல்லுகிறேன். 1898-ல் அயோத்திதாசர் ஆல்காட்டைச் சந்தித்தார். எங்கள் ஜனங்கள் ஆதியில் பௌத்தர்கள், எங்களை மறுபடியும் பௌத்தத்தில் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டார். பண்டிதரையும், பஞ்சமர் பள்ளியின் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியையும் கர்னல் கொழும்புக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார்கள். சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் பிறந்தது. இதைக் கவனிக்கவேண்டும். 1881-ல் தென்னங்கன்றோடு கடல் தாண்டி வந்த சகோதரத்துவம் கோவில் மேளத்தோடு முடிந்தது. பதினேழு வருஷம் கழித்து, அன்றைக்கு வாசலுக்கு வெளியே நின்றவர்களே கப்பலேறி அந்தப் பக்கம் போனார்கள். கர்னல் வெறும் வழித்துணைதான். அவர் செய்த காரியங்களுக்குள்ளே இது பெரிது என்பது என் எண்ணம். அவர் அப்படி நினைத்திருக்கமாட்டார்.

1907 பிப்ரவரி 17-ல் ஆல்காட் அடையாற்றில் காலமானார். அவருக்குப் பிறகு சபைக்குத் தலைவரானவர் அன்னி பெஸன்ட் அம்மையார். அம்மையாரின் தேசத்தொண்டு எல்லோருக்கும் தெரிந்தது, நானும் வணங்குகிறேன். ஆனால் 1909-ல் ‘இந்தியன் ரிவியூ’ பத்திரிகையில், தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் முன்னேற்றத்தைப் பற்றி அம்மையார் ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் குழந்தைகளுக்கு முதலில் சுத்தமும் நடத்தையும் கற்பிக்கவேண்டும். பரம்பரையாக உண்ட உணவால் அவர்கள் உடம்பில் நாற்றம் இருக்கிறது. நல்ல குடும்பத்துக் குழந்தைகளை அவர்களோடு ஒரே வகுப்பில் நெருங்கி உட்காரச் சொல்லக்கூடாது என்பது அதன் சாரம். சர்வலோக சகோதரத்துவத்தின் தலைவி எழுதியது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாயும் அம்பேத்கர் இதை மறக்கவில்லை. 1945-ல் காங்கிரஸையும் காந்தியையும் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தக் கட்டுரையை எடுத்துவைத்துக் காட்டினார்.

இந்தக் கட்டுரையைப் பற்றி நண்பனிடம் நான் சொல்லவில்லை. கொட்டகையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன்மேல் பிச்சிப்பூ வாசம் அடித்தது. என்மேல் இரவு பஸ்ஸில் வந்த வேர்வை நாற்றம். அம்மையார் எங்கள் இருவரில் யாரைத் தனி வகுப்பில் போடச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆல்காட்டின் பள்ளிக்கூடங்களில் ஒன்று இன்றும் இருக்கிறது. சென்னை பெஸன்ட் நகரில், அந்த மதிலுக்குப் பக்கத்திலேயே, ஆல்காட் நினைவுப் பள்ளி என்ற பெயரில் நடக்கிறது. பிரம்மஞான சபையார்தான் நடத்துகிறார்கள். ஏழைக் குழந்தைகளிடம் சம்பளம் வாங்குவதில்லை. ஒருமுறை அந்த வழியாகப் போனபோது வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். மத்தியான மணி அடித்திருந்தது. குழந்தைகள் போட்ட சத்தத்தில் கடல் சத்தம் கேட்கவில்லை. ஒரு பொடியன் ஓடிவந்து, “யாரைப் பார்க்கணும் சார்?” என்று கேட்டான். யாரையும் இல்லை என்றதும், இவ்வளவு பெரிய மனிதருக்கு வேலை ஒன்றும் இல்லையா என்கிற முகத்தோடு திரும்பி ஓடிவிட்டான்.

இதைச் சொன்னபோது நண்பன் முகம் மலர்ந்தது. “பள்ளிக்கூடம் இன்னும் இருக்கா! இப்பவும் நாலாங் கிளாஸ்தானா?”

“இல்லை. ஹைஸ்கூல் ஆகி ரொம்ப நாளாச்சு.”

“அப்பம் அவரு போட்ட கூரையைப் பிச்சாச்சுன்னு சொல்லு.”

கூரை என்ற வார்த்தையை நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை, அவனுக்காகத் தோன்றியதுதான். அதை எடுத்துத்தான் மேலே என் சரக்கைப்போல எழுதியிருக்கிறேன். பழைய சிலேட்டுப் பழக்கம்.

வெளியே திருவனந்தபுரம் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அவன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். கட்டி வைத்திருந்த சரங்களைக் கூடைகளில் அடுக்க ஆரம்பித்தார்கள். அவன் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். நானும் ஒரு பக்கம் நின்று எண்ணினேன். அவனுக்கு நூற்றெழுபத்திரண்டு வந்தது. எனக்கு நூற்றெழுபது.

“நீ மறுபடி எண்ணு” என்றான்.